தளத்தில் ஏறிய நீர் எத்தனை அலைக்குள் இறங்க வேண்டும்? பழைய விசைப்படகுகளின் வடிகால் பற்றிய ஒரு மீளாய்வு

தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். காசிமேடு, நாகப்பட்டினம், மண்டபம், ராமேஸ்வரம் என்று துறைமுகம் துறைமுகமாகப் படகுகள் கரையேறிப் பழுது பார்க்கப்படும் காலமும் இதுதான். எஞ்சின் இறக்கப்படும், பலகை இடுக்குகள் அடைக்கப்படும், அடிப்பக்கம் சுரண்டி வர்ணம் பூசப்படும். தளத்தின் ஓரத்தில் இருக்கும் வடிதுளைகளுக்கு அந்தப் பட்டியலில் பெரும்பாலும் கடைசி இடம். அவற்றில் சிக்கிய வலைத்துண்டைப் பிடுங்கிவிட்டு, சுற்றி வர்ணம் அடித்தால் வேலை முடிந்ததாகக் கொள்ளப்படுகிறது.

ஆனால் அந்தத் துளைகளுக்குப் பின்னால் ஒரு நீண்ட விவாதம் இருக்கிறது. அலை ஏறி வந்த நீரைத் தளத்திலிருந்து எப்படி, எவ்வளவு விரைவாக வெளியேற்றுவது? நீரைத் தேக்காத வடிவமே தீர்வு என்றனர் சிலர். நீரை ஏறவே விடாத சுவர் வேண்டும் என்றனர் வேறு சிலர். திறப்பின் பரப்பைச் சூத்திரத்தில் எழுதினர் விதி வகுத்தவர்கள். சரிவுதான் முக்கியம் என்கிறவர்களும், பம்பு இருக்கக் கவலை ஏன் என்கிறவர்களும் உண்டு. இந்த விடைகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுக்குத் தமிழ்நாட்டில் பரவலாக உள்ள மரத்தாலான, அல்லது மரத்தின்மேல் கண்ணாடியிழை போர்த்திய, 12 மீட்டரை ஒட்டிய பழைய விசைப்படகை வைத்துக்கொள்வோம்.

சொற்கள் குறித்து ஒரு விளக்கம். தளத்தைச் சுற்றி எழும் தடுப்பைப் 'பக்கச்சுவர்' என்றும், அதன் அடியில் இருக்கும் சிறிய வட்ட ஓட்டையை 'வடிதுளை' என்றும், நீளவாக்கில் அகலமாக வெட்டிய திறப்பை 'மடை' என்றும் இங்கே குறிப்பிடுகிறேன். வயல் வரப்பில் மடை செய்யும் வேலையைத்தான் படகில் அந்தத் திறப்பு செய்கிறது.

பத்து சென்டிமீட்டர் நீரின் கணக்கு

பக்கச்சுவர்களுக்கு நடுவே 6 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள பின்தளத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் அலை ஏறி அங்கே 10 செ.மீ. ஆழத்துக்கு நீர் நிற்கிறது. அதன் கன அளவு 1.8 கனமீட்டர், கடல்நீர் ஆகையால் எடை ஏறத்தாழ 1.85 டன். ஆளுக்கு 70 கிலோ என்று வைத்தால் 26 பேர் திடீரென்று தளத்தில் ஏறி நின்றதற்குச் சமம்.

எடையைவிடப் பெரிய தொல்லை, அந்த எடை ஓரிடத்தில் நிற்காதது. படகு சாயும் பக்கமே நீரும் ஓடும். படகு சுமார் 4 பாகை சாய்ந்தாலே மேட்டுப்பக்க ஓரம் காய்ந்து, நீர் முழுவதும் ஆப்பு வடிவில் தாழ்ந்த பக்கம் சேர்ந்துவிடும். அந்நிலையில் அதன் எடைமையம் படகின் நடுக்கோட்டிலிருந்து அரை மீட்டர் விலகியிருக்கும். 13 பேர் நடுக்கோட்டைவிட்டு ஒரு மீட்டர் தள்ளி ஒரே பக்கம் நிற்பது போன்ற சாய்ப்பு இது.

கப்பல் கட்டுமான அறிவியலில் இதைத் தளும்பும் நீர்ப்பரப்பின் விளைவு என்பார்கள். படகின் நிமிரும் திறனை அளக்க 'மெட்டாசென்டர் உயரம்' என்ற அளவு பயன்படுகிறது. நம் படகின் எடை 18 டன் என்று கொண்டால், மேலே சொன்ன நீர்ப்பரப்பு அந்த உயரத்தில் தொடக்கநிலைக் கணக்கின்படி 0.7 மீட்டரைத் தின்றுவிடும். ஒற்றைத் தள மீன்பிடிக் கலங்களுக்குப் பன்னாட்டு விதிகள் கேட்கும் குறைந்தபட்ச உயரமே 0.35 மீட்டர்தான். முதல் சில பாகைச் சாய்வுக்கு மட்டுமே இந்த இழப்பு முழுதாகப் பொருந்தும் என்பதைச் சொல்லியாக வேண்டும். அதற்குமேல் நீர் ஒரு மூலையில் ஒதுங்கிவிடுவதால் அது தளும்பும் பரப்பாக இல்லாமல், ஒருபக்கச் சுமையாக மாறுகிறது. இரண்டில் எதுவும் நல்லதல்ல.

இந்தக் கணக்கில் நீரின் ஆழத்தைவிடப் பரப்பின் அகலம்தான் ஆதிக்கம் செலுத்துகிறது. இழப்பு அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப வளரும். அதே தளத்தை நீளவாக்கில் ஒரு தடுப்புப் பலகையால் இரண்டாகப் பிரித்தால் விளைவு கால்பங்காகக் குறையும். ஆனால் அந்தப் பலகையே நீர் மடைக்குப் போகும் வழியை அடைக்கவும் கூடும். வடிகால் விவாதம் முழுக்க இப்படிப்பட்ட இருமுனை நெருக்கடிகள் உண்டு.

முதல் விடை: நீர் தங்காத வடிவம்

மிகப் பழைய விடை கட்டுமரம். கட்டிய மரங்களுக்கு நடுவே இடுக்கு. ஏறிய நீர் அந்த இடுக்கு வழியே அதே நொடியில் இறங்கிவிடும். தேங்க ஒரு கிண்ணம் இல்லாத இடத்தில் வடிகால் என்ற கேள்வியே எழுவதில்லை. அலை உடையும் கரையைத் தினமும் தாண்ட வேண்டிய சோழமண்டலக் கடற்கரையில் இந்த வடிவம் நூற்றாண்டுகளாக நின்றதற்கு இதுவும் ஒரு காரணம் எனக் கருத இடமுண்டு.

இந்தக் கொள்கையைப் புதிய பொருள்களில் தொடரும் முயற்சிகள் 1980களில் நடந்தன. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், கரையிலிருந்தே இறக்கி ஏற்றும் படகுகளை வடிவமைத்தது. நீர் புகாமல் மூடிய தளம், உள்ளே மிதவை நுரை, தளத்தில் ஏறும் நீர் தானாக வெளியேறும் ஏற்பாடு ஆகியவை அவற்றின் அடிப்படை. கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் ஒட்டுப்பலகையால் கட்டுமரத்தின் மாற்று வடிவங்கள் கட்டப்பட்டன. அந்த அனுபவத்தை பியேர் ஜில்லே 1985இல் தனி நூலாகவே பதிவுசெய்தார்.

இந்த விடையின் பலவீனம் வெளிப்படையானது. நீர் தங்காத தளத்தில் மீனும் வலையும் தங்காது. ஆளுக்கும் பிடிமானம் குறைவு. பனிக்கட்டியும் வின்ச்சும் ஏற்றி, பின்தளத்தில் வலையின் மடியைக் கொட்டித் தரம்பிரிக்கும் விசைப்படகுக்கு இதை அப்படியே பொருத்த இயலாது. இருந்தாலும் அதன் மையக் கருத்து இன்றும் செல்லும்: நீரை வெளியேற்றுவதைவிட, அது நிற்கும் பள்ளத்தைச் சிறியதாக வைப்பது எளிது.

இரண்டாம் விடை: உயர்ந்த சுவர்

நேர் எதிர்நிலை, நீரை ஏறவே விடாதே என்பது. பக்கச்சுவரை உயர்த்தினால் சிறு அலைகள் உள்ளே வராது. ஆள் தவறி விழும் ஆபத்தும் குறையும். இரண்டாவது காரணத்தை எளிதில் ஒதுக்க முடியாது. மீன்பிடிக் கலங்களுக்கான பன்னாட்டு விதிகளே தடுப்புச் சுவரோ கம்பியோ தளத்திலிருந்து குறைந்தது 1 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கின்றன. பாக் நீரிணைபோல ஆழம் குறைந்த கடலில் அலைகள் குட்டையாகவும் செங்குத்தாகவும் எழுவதால், சுவரை உயர்த்தும் ஆசை அங்கே இயல்பாகவே வரும்.

சிக்கல், சுவரைத் தாண்டி ஓர் அலை வந்துவிட்டால் தொடங்குகிறது. சுவரின் உயரம் அளவுக்கு நீர் உள்ளே நிற்கும். அடியில் நான்கு வடிதுளைகள் மட்டுமே இருந்தால் தளம் தொட்டியாகிவிடும். கனடாவில் கிரோச்சோவால்ஸ்கி என்ற ஆய்வாளர் சிறு மீன்பிடிக் கலத்தின் மாதிரியை வைத்து நடத்தி 1989இல் வெளியிட்ட சோதனைகள் இன்னொரு ஆபத்தையும் காட்டின. படகு பக்கவாட்டில் தள்ளப்படும்போது தாழ்ந்த பக்கச்சுவர் நீருக்குள் போனால், அந்தச் சுவரே நீரில் மாட்டிய துடுப்புபோல் இழுத்து, படகு நிமிர்வதைத் தடுக்கும். உயர்ந்த, திறப்பற்ற சுவர் இப்படிப் பாதுகாப்பிலிருந்து சுமையாக மாறக்கூடும்.

எனவே சுவரின் உயரம் பற்றிய விவாதம், சுவரின் எந்தப் பகுதி மூடியிருக்க வேண்டும் என்பதாக நகர்ந்தது. கீழே மடை, மேலே கம்பி என்ற கலப்பு வடிவம் பல இடங்களில் ஏற்கப்பட்டது இந்த வழியில்தான்.

மூன்றாம் விடை: மடையின் பரப்பு

விதி வகுப்போரின் விடை ஓர் எண். சரக்குக் கப்பல்களுக்கான 1966ஆம் ஆண்டின் சுமைக்கோட்டு உடன்படிக்கை, பக்கச்சுவரின் நீளத்தை வைத்து ஒவ்வொரு பக்கமும் இருக்க வேண்டிய மடைப் பரப்பைக் கணக்கிடச் சொன்னது. மீன்பிடிக் கலங்கள் அந்த உடன்படிக்கைக்குள் வரவில்லை. அவற்றுக்காக ஸ்பெயினின் டொரெமொலினோஸில் 1977இல் தனி ஒப்பந்தம் உருவானது. அது நடைமுறைக்கு வரவே இல்லை. ஆனால் அதன் தொழில்நுட்பக் கருத்துகள் 1993ஆம் ஆண்டின் நெறிமுறையிலும், 12 முதல் 24 மீட்டர் வரையான கலங்களுக்காக ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனம், பன்னாட்டுத் தொழிலாளர் நிறுவனம், பன்னாட்டுக் கடல்சார் நிறுவனம் மூன்றும் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டிகளிலும் தொடர்ந்தன.

அந்தக் கணக்கு எளிது. தளப்பள்ளத்தின் நீளத்தை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள கலத்துக்குக் கெழு 0.07, 12 மீட்டருக்கு 0.035; இடைப்பட்டவற்றுக்கு விகிதப்படி. நம் 12 மீட்டர் படகின் 6 மீட்டர் பள்ளத்துக்கு ஒவ்வொரு பக்கமும் 0.21 சதுர மீட்டர் தேவை. 50 செ.மீ. நீளமும் 14 செ.மீ. உயரமும் உள்ள மூன்று மடைகள் இதற்குப் போதும். இதையே 5 செ.மீ. விட்டமுள்ள வட்டத் துளைகளால் நிறைவேற்ற நினைத்தால் பக்கத்துக்கு 107 துளைகள் போட வேண்டும்! பழைய படகுகளில் நான்கைந்து வடிதுளைகளை வைத்துக்கொண்டு 'வடிகால் இருக்கிறது' என்று சொல்வதன் பொருள் இந்த ஒப்பீட்டில் விளங்கும்.

பரப்பைக் காலமாக மாற்றினால் வேறுபாடு இன்னும் துலங்கும். அசையாமல் மட்டமாக மிதக்கும் படகில், ஒரு பக்கத்து நான்கு வடிதுளைகள் வழியே மட்டும் நம் 10 செ.மீ. நீரில் பாதி வெளியேற ஏறத்தாழ 160 விநாடி ஆகும். மேலே சொன்ன மூன்று மடைகள் அதே வேலையைச் சுமார் 18 விநாடியில் முடிக்கும். 5, 6 விநாடிக்கு ஓர் அலை என்று கொண்டால், முன்னது முப்பது அலை. பின்னது மூன்று அலை. உண்மையான கடலில் படகு உருளும், வெளிநீர் ஏறி இறங்கும், எண்கள் மாறும். ஆனால் முதல் அலையின் நீர் இறங்குமுன் இரண்டாவது அலை ஏறுமா என்ற கேள்விக்கு இந்த விகிதம் ஒரு தோராய விடை தருகிறது.

பரப்புக் கொள்கைக்கு எதிராக மூன்று கருத்துகள் உண்டு. முதலாவது, சூத்திரம் 12 மீட்டரில் நிற்கிறது. கெழுவை அப்படியே கீழ்நோக்கி இழுத்தால் படகு சிறுக்கச் சிறுக்க மடையும் மிகச் சிறுத்துவிடும். ஆனால் சிறு படகைத்தான் அலை எளிதில் மூழ்கடிக்கும். 12 மீட்டருக்குக் குறைந்த தளமுள்ள கலங்களுக்கும் தளமற்ற படகுகளுக்கும் தனிப் பரிந்துரைகள் 2010இல் ஏற்கப்பட்டு 2012இல் வெளியானது இந்த இடைவெளியை உணர்ந்துதான் எனலாம். இரண்டாவது, சூத்திரம் திறப்பின் பரப்பை எண்ணுகிறது. அதன் முன்னே கிடக்கும் வலைக் குவியலை எண்ணுவதில்லை. மீன் தடுக்கும் பலகைகளும் கருவிகளும் மடையின் பயனைக் கெடுக்காதபடி வைக்கப்பட வேண்டும் என்று விதி சொன்னாலும், மடி ஏறிய நேரத்தில் தளம் எப்படி இருக்கும் என்பதை வரைபடத்தில் காட்ட முடியாது. மூன்றாவது, மடையின் கீழ்விளிம்பு. தளத்தைவிட 5 செ.மீ. உயரத்தில் வெட்டிய மடை எவ்வளவு அகலமாக இருந்தாலும் அந்த 5 செ.மீ. நீர் உள்ளேயே நிற்கும். நம் தளத்தில் அது 900 லிட்டர்.

நான்காம் விடை: சரிவும் மட்டமும்

தச்சர்கள் இந்தக் கேள்வியை வேறு முனையிலிருந்து பார்க்கிறார்கள். திறப்பு எவ்வளவு பெரிது என்பதற்கு முன், நீர் அங்கே போகிறதா என்பதே அவர்கள் கேள்வி. தளத்தின் நடு சற்று மேடாகவும் ஓரம் தாழ்ந்தும் இருந்தால் நீர் ஓரத்துக்கு ஓடும். அணியமும் பின்பக்கமும் உயர்ந்து இடைப்பகுதி தாழ்ந்திருந்தால் நீளவாக்கிலும் ஓட்டம் கிடைக்கும். சுமைக்கோட்டு உடன்படிக்கையும் இதை மறுக்கவில்லை. தேவையான மடைப் பரப்பில் மூன்றில் இரு பங்கை, அந்த வளைவின் மிகத் தாழ்ந்த இடத்தை ஒட்டிய பாதியில் வைக்கச் சொல்கிறது. வளைவே இல்லாத கப்பலுக்குப் பரப்பை 50 விழுக்காடு கூட்டச் சொல்கிறது.

இங்கேதான் பழைய படகு தனிக் கேள்வியாகிறது. வளைவின் தாழ்ந்த இடம் வரைபடத்தில் ஓரிடம். மிதக்கும் படகில் வேறிடம். ஆண்டுகள் செல்லச் செல்ல மரம் நீரை உறிஞ்சுகிறது. மேலே கண்ணாடியிழைப் போர்வை ஏறுகிறது. சிறிய எஞ்சின் இருந்த இடத்தில் பெரியது வருகிறது. வின்ச், கூடுதல் டீசல், கூடுதல் பனிக்கட்டி சேர்கின்றன. இந்த அளவுப் படகில் ஒரு டன் கூடினால் படகு ஏறத்தாழ 3 செ.மீ. அமிழும். மூன்று டன் கூடினால், நீர்மட்டத்துக்கு மேல் 25 செ.மீ. இருந்த தள ஓரம் 16 செ.மீ. ஆகிவிடும். 4 மீட்டர் அகலப் படகில் முன்பு 7 பாகை சாய்ந்தால் நீரைத் தொட்ட வடிதுளை, இப்போது சுமார் 4.5 பாகையிலேயே தொடும். கூடிய எடை பின்பக்கம் இருந்தால், இடைப்பகுதிக்கென்று வெட்டிய மடைகள் உலர்ந்து கிடக்க, பின்மூலையில் நீர் குளம்கட்டும்.

இதற்கான மருந்துகளில் ஒன்று, தளத்தின்மேல் பலகையோ பிசினோ இட்டு உயர்த்துவது. கேட்பதற்கு எளிதான இந்த வழியின் கணக்கு அவ்வளவு எளிதல்ல. 18 சதுர மீட்டர் தளத்தில் 5 செ.மீ. மரம் அடுக்கினால் அதன் எடையே 600 கிலோவைத் தாண்டும். படகு 2 செ.மீ. அமிழும். 5 செ.மீ. உயர்த்தியதில் கையில் நிற்பது 3 செ.மீ. தான். அதோடு எடை மேலே ஏறுவதால் நிமிரும் திறனும் சற்றுக் குறையும். தளம் தொய்ந்து குட்டை நிற்கும் இடங்களை மட்டும் நிரவுவது இதைவிடச் சிக்கனமான வழி. மரத்தைக் கடல்நீரைவிட மழைநீர்தான் விரைவாக உளுக்கச் செய்யும் என்பதால், கரையில் நிற்கும் மாதங்களில் குட்டை தேங்காமல் பார்த்துக்கொள்வது தளத்தின் ஆயுளுக்கும் நல்லது.

சரிவுக் கொள்கையின் எல்லை, அது அமைதியான நீரை மனத்தில் வைத்தது என்பது. உருளும் படகில் தளத்தின் சில பாகைச் சரிவு, உருளலின் பெரிய சாய்வுக்குள் அடங்கிவிடும். அடித்த அலையை இறக்குவதற்கு மடையும், அன்றாடக் கழுவுநீரையும் மிச்ச நீரையும் இறக்குவதற்குச் சரிவும் என்று இரண்டின் பணிகளைப் பிரித்துப் பார்ப்பது பொருத்தமாகத் தோன்றுகிறது.

மூடி, அடைப்பு, எதிரோட்டம்

நீர் போகும் வழி நீர் வரும் வழியாகவும் ஆகலாம். சரக்கேறித் தாழ்ந்த படகில் வடிதுளை வழியே கடல் உள்ளே பீச்சியடிப்பதைத் தொழிலாளர்கள் நன்கறிவார்கள். சாக்கோ துணியோ மரக்கட்டையோ வைத்து அடைப்பது அதற்கான உடனடிப் பதில். தரம்பிரிக்கும்போது சிறு இறால் துளைவழி நழுவாமல் இருக்கவும் அதே அடைப்பு உதவுகிறது. கரையிலிருந்து பார்த்தால் இது அலட்சியம். தளத்தில் நிற்பவருக்கு அது அன்றைய வருமானம். இந்த முரணைக் கணக்கில் கொள்ளாத எந்த வடிகால் திட்டமும் கடலில் ஒரு வாரம்கூடத் தாங்காது.

மேலே கீல் வைத்து வெளிப்பக்கம் மட்டும் திறக்கும் மூடி, இதற்குப் பொறியாளர்கள் தந்த விடை. உள்நீர் தள்ளினால் திறக்கும். வெளிநீர் தள்ளினால் மூடும். ஆனால் துருப்பிடித்த கீலும், வர்ணம் ஒட்டிய விளிம்பும், இடுக்கில் சிக்கிய வலை நூலும் இந்த மூடியைச் சுவராக்கிவிடும். கீலின் ஊசி துருப்பிடிக்காத உலோகமாக இருக்க வேண்டும், சுற்றிலும் தாராளமாக இடைவெளி விட வேண்டும் என்று சுமைக்கோட்டு விதிகள் வலியுறுத்துவது இதனால்தான். 30 செ.மீ.க்கு மேல் உயரமான மடைகளில் 15 முதல் 23 செ.மீ. இடைவெளியில் கம்பிகள் வைக்கச் சொல்லும் விதி, ஆள் அடித்துச் செல்லப்படாமல் இருப்பதற்கானது. மீனைத் தடுப்பதற்கானது அல்ல. அந்த இடத்தில் நெருக்கமான கம்பிவலை அடித்தால் செதிலும் பாசியும் சேர்ந்து விரைவிலேயே அடைபடும்.

மூடியின் பக்கமும் ஒரு கடுமையான சான்று உண்டு. 1974 பிப்ரவரியில் பேரன்ட்ஸ் கடலில் 36 பேருடன் மூழ்கிய பிரிட்டனின் 'கால்' என்ற இழுவைக் கப்பலைப் பற்றி மறுபடியும் திறக்கப்பட்ட விசாரணை, 2004இல் தன் முடிவை வெளியிட்டது. கழிவுகளைக் கடலில் தள்ளும் சரிவுவாய்கள் மூடப்படாமல் இருந்ததால் உள்தளத்தில் வெள்ளம் புகுந்தது என்பது அதன் கருத்து. அது பெரிய கப்பல். நீர் புகுந்ததும் மூடிய தளத்துக்குள். சிறு படகின் திறந்த தளத்தோடு அதை நேரடியாக ஒப்பிடக் கூடாது. ஆனாலும் ஒரு வேறுபாட்டை அது அழுத்தமாகச் சொல்கிறது. நீர் புகாத தளத்துக்கு மேலே, திறந்த வெளியில் இருக்கும் மடை தாராளமாக இருக்கலாம். மூடிய அறைக்குள் திறக்கும் எந்த வாய்க்கும் நம்பகமான மூடி வேண்டும்.

பம்பு என்னும் ஆறுதல்

பம்பு மலிவாகவும் எளிதாகவும் கிடைக்கும் இந்நாளில் அதை நம்பும் போக்கு வளர்ந்திருக்கிறது. எஞ்சின் அறை அடியில் கசிந்து சேரும் நீருக்குப் பம்பு இன்றியமையாதது. அதில் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் தளநீருக்கு அதைப் பதிலாக வைப்பது அளவிலேயே பொருந்தவில்லை. நம் மூன்று மடைகள் தொடக்கத்தில் விநாடிக்கு 80 லிட்டர் அளவில் இறக்கும். அதே வேகத்தில் இறைக்க மணிக்கு 288 கனமீட்டர் தள்ளும் பம்பு வேண்டும்; இந்த அளவுப் படகில் அதற்கு இடமும் இல்லை, மின்சாரமும் இல்லை. எஞ்சின் நின்றுபோன நேரத்தில்தான் படகு அலைக்குப் பக்கத்தைக் காட்டும். பம்பு நிற்பதும் அதே நேரத்தில்தான்.

எனவே தளத்தைப் பொறுத்தவரை பம்பு துணைக்கருவியாகவே கொள்ளப்பட வேண்டும் என்ற நிலைப்பாடு வலுவானது. தளநீர் மீன் அறைக்குள் இறங்காதபடி வாய்மூடிகள் இறுக்கமாக இருக்கின்றனவா, அவற்றின் விளிம்பு போதிய உயரம் உள்ளதா என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டும். வடிகால் மெதுவாக இருக்கும் படகில் அந்த விளிம்புதான் கடைசி வரப்பு.

வெட்டும் முன்

மடை வேண்டும் என்ற முடிவுக்கு வந்த பிறகும், பழைய சுவரில் வாளை வைப்பது சிறிய காரியமல்ல. பக்கச்சுவரைத் தாங்கும் கால்கள் தளத்துக்குக் கீழே ஓடும் சட்டங்களோடு பிணைந்தவை. கால்களுக்கு நடுவே மட்டுமே வெட்டலாம். தள ஓரத்துப் பலகையையும் அதற்குக் கீழுள்ள பக்கப்பலகையையும் தொடக் கூடாது என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எச்சரிக்கை. திறப்பின் மூலைகளை வளைவாக விட்டால் அங்கிருந்து விரிசல் ஓடாது. வெட்டிய மரத்தின் இழைமுனை நீரை உறிஞ்சும் என்பதால் அதை உலரவிட்டுப் பிசின் பூச வேண்டும். கண்ணாடியிழைக்குள் ஒட்டுப்பலகை இருந்தால் இது இரட்டிப்பு முக்கியம். மூடப்படாத விளிம்பிலிருந்து நுழையும் ஈரம் வெளியே தெரியாமல் உள்ளேயே பலகையை உளுக்கச் செய்யும். கயிறு கட்டும் இடத்திலும் இழுவைப் பலகைகள் தொங்கும் இடத்திலும் சுவர் சுமை தாங்குவதால், அங்கே மடையைத் தவிர்ப்பதே முறை.

மதிப்பீடு

மேலே கண்ட விடைகளில் எதுவும் முழுத் தவறில்லை; எதுவும் தனித்து நிற்கவும் இல்லை. கட்டுமரத்தின் விடை, தேங்கும் பள்ளத்தைக் குறைக்கச் சொல்கிறது. சுவரின் விடை ஆளைக் காக்கிறது, நீரையும் காத்துவைக்கிறது. சூத்திரம் குறைந்தபட்சப் பரப்பைத் தருகிறது. படகின் இன்றைய மட்டத்தை அறியாது. சரிவு அன்றாட நீருக்குப் போதும், அலைக்குப் போதாது. மூடி பராமரிப்பைப் பொறுத்தது. பம்பு மின்சாரத்தைப் பொறுத்தது.

பழைய படகைப் பொறுத்தவரை ஓரளவு உறுதியோடு சொல்லக்கூடியது செய்யும் வேலைகளின் வரிசை. டீசலும் பனிக்கட்டியும் வலையும் ஏற்றிய நிலையில், நீர்மட்டத்துக்கு மேல் தள ஓரம் முன்னும் இடையிலும் பின்னும் எவ்வளவு நிற்கிறது என்று அளப்பது முதல் வேலை. தேவையற்ற எடையைக் கழிப்பது இரண்டாவது. அதற்குச் செலவே இல்லை. தளத்தில் வாளி வாளியாக நீர் ஊற்றி அது எங்கே போய் நிற்கிறது என்று பார்ப்பதும், மடைகளின் கீழ்விளிம்பைத் தளத்தோடு ஒட்டக் கொண்டுவருவதும் அடுத்தவை. பரப்பைக் கூட்டுவது அதன் பிறகு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, எடுத்த எடுப்பில் துளையைப் பெரிதாக்கினால், தாழ்ந்துபோன படகில் கடலுக்குத்தான் வழி அகலமாகும்.

திறந்தே நிற்கும் கேள்விகளும் உள்ளன. 12 மீட்டருக்குக் குறைந்த படகுக்குப் பரப்பைவிட இறங்கும் நேரத்தை அளவுகோலாக வைப்பது பொருத்தமா? வைத்தால், குட்டையான செங்குத்து அலைகளுள்ள பாக் நீரிணைக்கும் நீண்ட அலை வரும் குமரிக் கடலுக்கும் ஒரே நேரம் செல்லுமா? வலையும் மீனும் கிடக்கும் தளத்தில் மடையின் பயனுள்ள பரப்பை எந்த விகிதத்தில் குறைத்து எண்ணுவது? இறாலை இழக்காமலும் நீரைத் தேக்காமலும் இருக்கும் தடுப்பை, தளத்தில் வேலை செய்பவர்களின் கையால் வடிவமைக்க முடியுமா? முதல் மூன்றுக்கும் சோதனைக்குளமும் கருவிகளும் வேண்டும். நான்காவதற்கு வேண்டியது 61 நாள் தடைக்காலமும், தச்சரும் தொழிலாளியும் ஒரே தளத்தில் குந்தி உட்கார்ந்து பேசும் சில மணி நேரமும். நடைமுறையில் முதலில் விடை காணக்கூடியது அந்த நான்காவதுதான் என்று தோன்றுகிறது. அது கிடைக்கும்வரை சாக்குத்துணி துளையில்தான் இருக்கும்.